அம்பலம் ஏறிய சொல்

சட்டப்பேரவையை நடத்துபவருக்கும் சிதம்பரத்தில் ஆடுபவருக்கும் தமிழ் ஒரே பட்டத்தைத் தந்திருக்கிறது: சபாநாயகர். சிதம்பரம் கோயிலை அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் சபாநாயகர் கோயில் என்றே எழுதுகின்றன. பேரவைத் தலைவர் என்ற நல்ல தமிழ்ப் பெயர் வந்த பிறகும், அரசியல் பேசுகிறவர்கள் வாயில் சபாநாயகர் போகவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெயர் எட்டியது தற்செயல் அன்று. சபை என்ற வடசொல்லுக்கு அடியில் பழைய தமிழ்ச்சொல் ஒன்று கிடக்கிறது. அதை அறிந்தால் கடவுளுக்கும் கூட்டத்துக்கும் பட்டம் ஏன் பொதுவாயிற்று என்பது விளங்கும். அந்தச் சொல் அம்பலம்.

இன்று இந்தச் சொல்லைச் சொன்னால் கேட்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும். சைவருக்கு அது தில்லையின் பொன்கூரை. மலையாளிக்கு எந்தத் தெய்வத்தின் கோயிலும் அம்பலம்தான். சிங்களவருக்கு அம்பலம என்பது சாலையோரத்தில் வழிப்போக்கர் தங்கும் மண்டபம். மேலூர், சிவகங்கைப் பக்கத்தில் அம்பலம் ஒரு மனிதர், ஊர்த்தலைவருக்குரிய பட்டம். செய்தித்தாள் படிப்பவருக்கோ, மறைத்து வைத்த முறைகேடு வெளியே வருவது அம்பலமாவது.

இவையெல்லாம் ஒரு சொல் ஊர் ஊராகப் போய்த் திரிந்ததால் வந்த பொருள்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நூல்களையும் இடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வர முடிகிறது. தொடக்கத்தில் இருந்தது ஒரே கட்டடம். அங்கே ஊர் கூடியது, வழக்குப் பேசியது, அயலூரான் படுத்துக் கிடந்தான், தூணில் தெய்வம் இருந்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு நாடும் அந்தக் கட்டடத்தின் ஒரு வேலையை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டது.

முதலில் சிதம்பரம். தேவாரத்தில் இந்தத் தலத்துக்குத் தில்லை என்று பெயர். பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். ஆடும் இடத்துக்குச் சிற்றம்பலம் என்று பெயர். தில்லை மரம் இன்றும் பக்கத்துப் பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கிறது. சிதம்பரம் என்ற வடிவத்துக்குச் சித் அம்பரம், அறிவாகிய ஆகாயம் என்று பொருள் சொல்வார்கள். சிதம்பர ரகசியத் திரைக்குப் பின்னால் வெற்றிடமும் தங்க வில்வ மாலைகளும் இருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம் மனத்துக்கு நெருக்கமானது. தத்துவமாக அது பெரிய விளக்கம்தான். ஆனால் சொல்லின் வரலாறு வேறு வழியாக வந்திருக்கிறது.

சிற்றம்பலத்துக்குப் பக்கத்திலேயே பேரம்பலம் இருக்கிறது. சிறு என்பதற்கும் பேர் என்பதற்கும் உள்ள இணையை யாரும் எளிதில் மறுக்க முடியாது. பெரிய அம்பலம் ஒன்றும் சிறிய அம்பலம் ஒன்றும் அடுத்தடுத்து இருந்த இடத்தில், சிறியதில் ஆடல்வல்லான் இருந்தான். இதற்கு வெளிச்சான்றும் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, அவன் முன்னோனான முதலாம் பராந்தகன் சிவனுக்கு எடுத்த பொன்மனையைப் பற்றிப் பேசுகிறது. அதன் வடமொழிப் பகுதியில் அந்த மனைக்குப் பெயர் தப்ர சபா. தப்ரம் என்றால் வடமொழியில் சிறியது என்று பொருள். பதினோராம் நூற்றாண்டில் சோழ அரசவையில் வடமொழி எழுதிய புலவனுக்கு, சிற்றம்பலத்தின் முதற்பகுதி சிறு என்பதில் ஐயமே இல்லை, அப்படியே பெயர்த்தான்.

சிறுமை எப்படி ஆகாயமாயிற்று என்பதிலும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. சாந்தோக்கிய உபநிடதம் இதயத்துக்குள் இருக்கும் சிறு தாமரை மனையைச் சொல்லி, அதற்குள் இருக்கும் சிறு வெளியைத் தேடச் சொல்கிறது. அந்தச் சிறு வெளிக்குத் தகராகாசம் என்று பெயர். தில்லையின் சிறு மன்றையும் இதயத்தின் சிறு வெளியையும் சிந்தனையாளர்கள் ஒன்றாகக் கண்டார்கள். மன்று வெளியாயிற்று, அம்பலம் அம்பரத்தின் பக்கம் சாய்ந்தது, சிறு என்பது சித் ஆயிற்று. இதைச் சிலர் திரிபு என்று கோபிக்கிறார்கள். என் எண்ணத்தில் இது ஒரு கட்டடத்தை மனிதனின் நெஞ்சுக்குள் கொண்டுபோன சிந்தனை. அதன் அருமையைக் குறைக்க வேண்டியதில்லை. முதலில் இருந்தது கட்டடம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அம்பரம் என்ற வடசொல்லே அம்பலமாக மாறியது என்று சொல்வோரும் உண்டு. அம்பரம் தமிழில் ஆகாயத்தையும் ஆடையையும் குறிக்க வந்த சொல். பலர் கூடும் இடத்தைக் குறித்து அது வழங்கவில்லை. மக்கள் கூடும் இடம் என்ற பொருளோ, அம்பலம் வழங்கும் எல்லாப் பக்கத்திலும் கிடைக்கிறது. இன்னொரு கவர்ச்சியும் இருக்கிறது. அகத்திணையில் அம்பல் என்றால் சிலர் மட்டும் முணுமுணுக்கும் பழிச்சொல். அது ஊரெங்கும் பரவினால் அலர். அம்பலமும் அம்பலும் உறவு என்று சொல்ல நாக்குத் துடிக்கும். ஒலி ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. அம்பல் மறைவான பேச்சு. அம்பலம் மறைவே இல்லாத இடம்.

சிற்றம்பலத்தின் உருவத்தைப் பார்த்தாலும் கட்டடத்தின் பழமை தெரியும். சோழநாட்டுக் கோயில்களில் நாம் காணும் கல் விமானம் அங்கே இல்லை. மரச் சுவர், மேலே குடிசையின் கூரைபோல வளைந்திறங்கும் கூரை. அதன்மேல்தான் பொன் ஓடு வேய்ந்திருக்கிறார்கள். 21,600 ஓடு, 72,000 ஆணி என்று மரபு கணக்குச் சொல்லும். முன்னது ஒரு நாளின் மூச்சு, பின்னது உடம்பின் நாடி. பேரரசர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொருள் கொட்டிய இடத்தில், கருவறையாக நிற்பது ஓர் ஊர்க்கொட்டகையின் வடிவம். கல்லில் மாற்றிக் கட்ட அவர்களுக்கு வசதி இல்லாமலா? அந்த உருவத்தை மாற்ற யாரும் துணியவில்லை என்றுதான் கொள்ள முடிகிறது.

அப்படிப்பட்ட கொட்டகையைச் சங்க நூல்கள் பொதியில் என்கின்றன. பொது இல் என்பதன் சேர்க்கை அது. பட்டினப்பாலையில் வரும் பொதியிலில் போரில் சிறைபிடித்து வந்த பெண்கள் நீர்த்துறையில் மூழ்கி வந்து அந்தி விளக்கு ஏற்றுகிறார்கள்; தரை மெழுகிப் பூவிடுகிறார்கள்; தூண் வடிவில் தெய்வம் நிற்கிறது; புதிதாய் வந்த வழிப்போக்கர் வணங்கி அங்கேயே தங்குகிறார்கள். புறநானூற்று 52ஆம் பாடல் பாழ்பட்ட பொதியில் ஒன்றைக் காட்டுகிறது. தூணைத் தெய்வம் விட்டுப் போய்விட்டது, பலி நின்றுவிட்டது, நரைத்த முதியவர்கள் வல்லாடிக் காய் உருட்டித் தேய்ந்த குழியில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. தெய்வத்தின் தூணும் கிழவர்களின் சூதாட்டப் பலகையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அழிவைப் பாட வந்த மருதன் இளநாகனார் ஊரின் அன்றாடத்தை நமக்காகக் காத்துக் கொடுத்துவிட்டார்.

மணிமேகலைக்கு வந்தால் அம்பலம் என்ற பெயரே கிடைக்கிறது. புகாரில் உலக அறவி என்றொரு பொதுமண்டபம். பசித்தவர், நோயாளிகள், கைகால் விளங்காதவர், போக்கிடம் அற்றவர் அங்கே கிடக்கிறார்கள். மணிமேகலை அமுதசுரபியோடு அங்கே போகிறாள். இளவரசன் அவளைத் தேடி அங்கே நுழையும் பகுதிக்கு, உதயகுமரன் அம்பலம் புக்க காதை என்று தலைப்பு. அந்த இடத்தைச் சேர்ந்தே தூணில் நின்று வருங்காலம் உரைக்கும் கந்திற்பாவையும் இருக்கிறது. ஆபுத்திரன் கதையிலும் இதே அமைப்பு: மதுரையில் சிந்தாதேவி கோயிலின் முன்றிலில் உள்ள அம்பலப் பீடிகையில் அவன் தங்குகிறான், வீடு வீடாக இரந்து வந்து குருடர், செவிடர், முடவருக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். சோறு, படுக்கை, தெய்வம் மூன்றும் சேர்ந்தது அம்பலம்.

இந்த மூன்றும் பிரிந்துபோன கதையைத்தான் மற்ற மொழிகள் சொல்கின்றன.

கேரளம் தெய்வத்தை வைத்துக்கொண்டது. அம்பலப்புழை ஊர்ப்பெயர், அம்பலவாசி கோயில் வேலை செய்யும் சாதிகளின் பொதுப்பெயர். ஆனாலும் பழைய பொருள் மலையாளத்தை விட்டு முழுதாகப் போகவில்லை. பாதையோரச் சத்திரத்துக்கு அங்கே வழியம்பலம் என்று பெயர். இன்னும் அருமையான சொல் கூத்தம்பலம். பெரிய கோயில்களின் மதிலுக்குள் கூத்தும் கூடியாட்டமும் நிகழ்த்தவென்றே கட்டிய அரங்கு அது. திருச்சூர் வடக்குநாதன் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்யத்திலும் இருக்கிறது. கூத்து, அம்பலம் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்த தமிழருக்கு நினைவு வருவது தில்லைக் கூத்தன்தான். சிதம்பரத்தில் ஆடுபவன் தெய்வம், கேரளத்தில் ஆடுபவர் சாக்கியார். இடத்தின் பெயர் மாறவில்லை.

இலங்கை படுக்கையை வைத்துக்கொண்டது. சிங்களம் வேறு மொழிக்குடும்பம்; இந்தச் சொல் அங்கே மொழி எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலம மரச்செதுக்குக்குப் பேர்போனது. 1660இல் கொட்டியாறு விரிகுடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி அரசில் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சொல்லைத் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அந்நியரும் வழிப்போக்கரும் தங்கக் கட்டிய இடம் என்று விளக்கம் தருகிறார். அதோடு நிற்கவில்லை. வேலை ஓய்ந்த ஊரார் அங்கே கூடி, வெற்றிலை மென்றபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அரசவையில் என்ன நடக்கிறது என்று மெல்லப் பேசிக்கொண்டிருப்பதையும் சொல்கிறார். இரண்டாம் இராசசிங்கனின் கடுமையான ஆட்சியில், அரசனைப் பற்றிப் பேச மக்களுக்கு இருந்த கூரை அம்பலம். கண்டி நாட்டு ஊர்ச்சபையான கம்சபாவவும் மரத்தடியிலோ அம்பலமவிலோதான் கூடியது. புறநானூற்றுப் பொதியிலின் நரைமுதியவர்கள் கடல் கடந்து போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தென்பகுதி பேச்சையும் தீர்ப்பையும் வைத்துக்கொண்டது. கள்ளர் நாடுகளிலும் முத்தரையரிடையிலும் அம்பலக்காரர் என்பது ஊர்ப்பஞ்சாயத்தில் முடிவு சொல்பவரின் பெயர். நாளடைவில் அது சாதிப்பெயராகவும் ஆயிற்று. பாகனேரி நாட்டு வாளுக்குவேலி அம்பலத்தின் பெயர் சிவகங்கைச் சீமையின் போர்க்கதைகளில் நிற்கிறது. இடத்தின் பெயர் அங்கே அமர்பவருக்கு வந்தது.

கூட்டத்தின் பெயர் கோயிலின் பெயராவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்லாவிய மொழிகளில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. சேர்த்து எடு, ஒன்றுதிரட்டு என்ற வினையிலிருந்து பழைய ஸ்லாவோனியத்தில் பிறந்த பெயர்ச்சொல் அது. ரஷ்யர்கள் அதை சபோர் என்று ஒலிக்கிறார்கள். பெருந்தேவாலயத்துக்கும் அதுதான் பெயர், பேரவைக்கும் அதுதான். 1613இல் மிகயீல் ரொமானோவை அரசனாகத் தேர்ந்தெடுத்த கூட்டம் ஸெம்ஸ்கி சபோர், நாட்டுப் பேரவை. குரோவாசியாவில் இன்றைய நாடாளுமன்றத்துக்குப் பெயர் சாபோர். பல்கேரியாவில் அந்தச் சொல் ஊர்த்திருவிழாவையும் குறிக்கும். போலந்தில் அது புராட்டஸ்டண்ட் சபையாகச் சுருங்கியது. செக் மொழியில் பாடகர் குழுவையும் குறிக்கிறது. அடிவினை எல்லோருக்கும் ஒன்றே. ஒவ்வொருவரும் கூடுவதன் ஒரு பயனைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யச் சிந்தனையாளர் கமியாக்கோவ் இந்தச் சொல்லின் மேல் ஒரு முழுத் தத்துவத்தையே எழுப்பினார்: மனிதர்கள் தம் சுதந்திரத்தை இழக்காமல் அன்பினால் ஒன்றாக இருக்கும் நிலை. தில்லைச் சிந்தனையாளர்கள் அதே போன்ற சொல்லைத் தனிமனிதன் நெஞ்சுக்குள் கொண்டுபோனார்கள். ரஷ்யர் கூட்டத்தின் பக்கமே நிறுத்திக்கொண்டார்கள். இந்த வேறுபாட்டை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

கிரேக்கத்தில் ஏதென்சு நகரக் குடிமக்களின் பேரவைக்குரிய சொல்தான் கிறித்தவத்தில் திருச்சபைக்குரிய சொல்லாயிற்று. தமிழ்க் கிறித்தவர்கள் அதைச் சபை என்றே பெயர்த்தது மிகப் பொருத்தம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் பரங்கிப்பேட்டை. அங்கே பள்ளிவாசலைச் சுற்றிய மக்கள் ஜமாஅத். அந்த அரபுச் சொல்லுக்கும் வேர், ஒன்றுகூடுவது.

அம்பலம் உண்மையில் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பழமொழி சொல்கிறது. பொதுவிடம் என்று பெயர் பெற்ற இடத்தில் யார் சொல் எடுபடும், யார் சொல் எடுபடாது என்று அனுபவத்தில் கண்டவர்கள் உண்டாக்கிய பழமொழி அது. ஆதனூர் நந்தனார் கதை அந்தப் பழமொழியின் முழு உருவம். நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்றே பெயரானவர், தில்லை எல்லையில் நின்றுவிடுகிறார்; தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். சேக்கிழார் இந்தக் கதையைப் பாடிய பெரியபுராணம், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. அதன் முதற்பாட்டிலேயே இறைவன் அம்பலத்தில் ஆடுபவனாகத்தான் வருகிறான். அம்பலத்தைப் போற்றித் தொடங்கும் நூல், அம்பலத்துக்குள் வர முடியாமல் நின்றவரின் கதையையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. நந்தனார் பெயரில் சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தீயில் குளிக்காமல் உள்ளே போக ஒரு வாசலாக அவர் கல்வியைக் கண்டார்.

கேரளத்தில் அம்பலத்தைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றது நமக்குத் தெரியும். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. மக்கள் கூடும் இடம் என்ற பெயரைத் தாங்கிய கட்டடத்துக்குள் மக்கள் நுழைய அரசன் கையெழுத்து வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. சிற்றம்பலத்துக்கு முன்னுள்ள கனகசபை மேடையில் ஏறித் தேவாரம் பாடலாம் என்று அரசு ஆணையிட்டு, 2008 மார்ச்சில் காவல்துறைப் பாதுகாப்போடு பாட வேண்டியிருந்தது. தேவார ஏடுகளே இந்தக் கோயிலில் கிடைத்தவை என்று மரபு சொல்கிறது. ஓதத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓதுவார்கள் சொல்லும் சொல் திருச்சிற்றம்பலம். நிர்வாகம் யார் கையில் என்ற வழக்கில் 2014 சனவரி 6 அன்று உச்சநீதிமன்றம், கோயிலை வழிவழியாக நடத்திவரும் தீட்சிதர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பக்தர்கள் கனகசபையில் ஏறி வணங்கலாம் என்று 2022 மே மாதத்தில் அரசு மறுபடி ஆணையிட்டது. அதற்குப் பிறகும் தகராறு தொடர்ந்தது. இதில் தீட்சிதர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். எந்த ஒரு குடும்பத்துக்கும் கோயில் உரிமை இல்லை, மணமான தீட்சிதர் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு, முடிவுகளைக் கூடித்தான் எடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய அமைப்புக்குப் பெயரே பொது தீட்சிதர்கள். பேரம்பலம் அவர்கள் கூடிப் பேசும் இடமாகவும் இருந்திருக்கிறது. உள்ளே ஒரு பொது இருக்கிறது என்பது உண்மை. அதன் வட்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் வழக்கு. என் சாய்வு வட்டம் விரிய வேண்டும் என்பவர்கள் பக்கம்; அம்பலம் என்ற பெயர் அந்தப் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

சிதம்பரம் இருக்கும் மாவட்டத்தின் தலைநகர்ப் பெயரிலும் கூடுதல்தான் இருக்கிறது. கடலோரம் இருப்பதால் கடலூர் என்று எல்லோரும் நினைக்கிறோம். பழைய பெயர் கூடலூர். பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு என்று பல நீர்கள் கடலை நெருங்கும் இடம் அது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர் எழுதிய பெயரில் முதலெழுத்தின் உகரம் தெளிவாகவே தெரிகிறது. தமிழில் கரைந்துபோன ஒலி ஆங்கில எழுத்தில் தங்கிவிட்டது. இதே மாவட்டத்தில், மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேரும் இடத்தில், சுந்தரர் பாடிய திருக்கூடலையாற்றூர் இருக்கிறது. கூடு என்ற வேர் திராவிட மொழிகளில் பரவலாக வாழ்வது. கன்னடத்தில் துங்கையும் பத்ரையும் சேரும் ஊர் கூடலி. கிருஷ்ணையும் மலப்பிரபையும் சேரும் இடம் கூடலசங்கமம். அங்கே கூடல் என்பதன் பொருள் மறந்து, அதே பொருளுடைய சங்கமம் மேலே ஏறியிருக்கிறது. அந்த ஊர் இறைவன் பெயரைத்தான் பசவண்ணர் தம் வசனங்களின் முத்திரையாக வைத்தார். தெலுங்கில் கூடலி என்றால் பாதைகள் சேரும் சந்தி. மதுரைக்கும் கூடல் என்று பெயர். தமிழ்ப் புலவர் கூடியதால் வந்தது என்றும் விளக்கம் உண்டு. அதே மதுரையில்தான் வெள்ளியம்பலமும் இருக்கிறது.

நீர் கூடும் இடத்துக்குப் பெயர் தந்த வேர் மனிதர் கூடும் இடத்துக்கும் பெயர் தந்தது: கூட்டம், கூடம், பள்ளிக்கூடம். அம்பலம் அப்படிப் பெருகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் தன் பொது அமைப்புகளுக்குப் பெயர் தேடியபோது மன்றத்தை எடுத்துக்கொண்டது. நீதிமன்றம், சட்டமன்றம், நகர்மன்றம், இலக்கிய மன்றம். அவையும் வந்தது. அம்பலத்தை யாரும் தொடவில்லை. அது சிவனுக்குரியதாகிவிட்டதால் கைவைக்கத் தயங்கினார்கள் போலும். பொன்னம்பலம், சிற்றம்பலம், அம்பலவாணன் என்று ஆட்பெயர்களில் அது வாழ்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்னும் அதிகம். பொதுவாழ்வில் அதற்குக் கிடைத்த ஒரே வேலை, மறைத்ததை வெளியே கொண்டுவருவது. அதுவும் சிறிய வேலை இல்லை.

பிரிந்த மூன்றையும் மறுபடி ஓரிடத்தில் சேர்த்தவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர். 1823இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. 1872 சனவரி 25 அன்று சத்திய ஞான சபை திறந்தது. சிதம்பரத்தைப் பூர்வஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தரஞான சிதம்பரம் என்றும் அவர் சொன்னார். சாதி, சமயம் பாராமல் பசித்தவருக்குச் சோறு ஒரு பக்கம். எண்கோண சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிக் காட்டும் சோதி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே எல்லோரும் கூடி நிற்க வெளி. மணிமேகலையின் உலக அறவியை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. வள்ளலார் பாடல்களில் அம்பலம், மன்று, பொது ஆகிய மூன்று சொல்லும் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்துகொண்டே இருக்கும். அவர் கட்டியது அந்தச் சொற்களின் பழைய பொருளை.

சபையைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் பெருவெளி என்று பெயர். பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம் அது. 2024இல் அங்கே பன்னாட்டு மையம் கட்ட அரசு வேலை தொடங்கியபோது, நிலம் கொடுத்தவர்களின் வழிவந்த ஊரார் தடுத்து நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. மையமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு இடத்தில் கட்டுங்கள், தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானவர் நின்று சோதி பார்க்கும் வெளியில் கட்டாதீர்கள், அந்த வெளியும் சபையில் சேர்ந்ததுதான் என்றார்கள்.